எலும்பு மொழி கூறுமா?

அரியானாவின் ராக்கிகரிப் புதைகுழிகளிற் பெறப்பட்ட மாதிரிகளுள் 61 சோதிக்கப்பட்டன. ஆய்வுக்குப் போதிய டி.என்.ஏ. கிடைத்ததோ ஒரேயொரு பெண்ணிடமிருந்துதான்; வெப்பநிலம் ஏனையவற்றை விட்டுவைக்கவில்லை. அவளிடம் வடபுல்வெளி மேய்ப்பரின் மரபுக்கூறு இல்லை என்பதே 2019இல் 'செல்' ஆய்விதழ் வெளியிட்ட முடிவு.

உடனே, ஆரியர் வருகையே பொய் என ஒரு சாரார் ஆர்ப்பரித்தனர். அவ்வருகை கி.மு. 2000இன் பின்னர் நிகழ்ந்ததென்போருக்கு, அதற்கு முன் வாழ்ந்தவளிடம் அக்கூறு இல்லாமை வியப்பாகுமா? எம்மவருட் சிலரோ அவளைத் தமிழச்சியாக்கி மகிழ்ந்தனர். இதுவே எனக்குப் பெரிதும் உறுத்துகின்றது. பிறர் செய்யுங்கால் நாம் நகைக்கும் தவறல்லவா இது?

நீர்கொழும்பு, சிலாபக் கரையோரத்திலே தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பல, சில தலைமுறைகளுள் சிங்களம் பேசுவனவாயின. அதனால் அவர்தம் மரபணு மாறிற்றா?

மரபணுவியலை நான் மறுக்கவில்லை. உறவையும் இடப்பெயர்வையும் அது காட்டும். பற்காறையிற் சிக்கிய புரதம் ஒருவர் பால் அருந்தியதைக்கூடக் காட்டும். அவர் வீட்டிற் பேசிய மொழியைக் காட்டாது. ராக்கிகரிப் பெண்ணின் மொழியை அறிய விழைவோர் சிந்துவெளி முத்திரைகளிடமே செல்லல் வேண்டும். அவ்வெழுத்தோ இன்னும் ஐயமற வாசிக்கப்படவில்லை.