யாருட காசு தம்பி?

முன்பெல்லாம் கல்முனையில் தேர்தல் என்றால் ஆட்டோவில் லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். காலையில் மரச் சின்னத்துக்கும் மாலையில் மயில் சின்னத்துக்கும் கத்துவார். யாரும் கோபிக்க மாட்டார்கள். கூலிக்குக் கத்துகிறார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாருக்காக என்பதை வண்டியில் ஒட்டிய சின்னம் சொல்லிவிடும்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில், திகாமடுல்லைத் தேர்தல் மாவட்டத்தின் 7 ஆசனங்களுக்காக, எங்கள் தெருப் பொடியன் ஒருவன் இரவிரவாக முகநூலில் லைவ் போனான். ஊர் அவனைப் போராளி என்றது. தேத்தண்ணிக் கடையில் வைத்து, “யாருட காசு தம்பி?” என்று கேட்டேன். சிரித்தான். “காசெல்லாம் இல்ல காக்கா. ஒரு போனும் மாசம் டேட்டாவும்தான்.”

அந்தப் போன் எந்தக் கணக்கில் வரும்? 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவுச் சட்டம் வேட்பாளரிடம் கணக்குக் கேட்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று எல்லையும் போட்டார்கள். முடிவு வந்து 21 நாட்களுக்குள் செலவு விபரம் கொடுக்க வேண்டும். மேடைக்கும் பெனருக்கும் பில் இருக்கும். முகநூலில் காசு கட்டிப் பூஸ்ட் பண்ணினாலும் கட்டியவர் பெயர் கூடவே வர வேண்டும். பொடியனின் லைவுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இதற்கு உதவாது. அது பொய்யைத் தேடுகிறது. பொய்யின் கேடு நமக்குத் தெரியாததல்ல: 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரச் சாப்பாட்டுக் கடையொன்றின் மாக்கட்டி வதந்தியில் ‘மலட்டு மாத்திரை’யாகி, பள்ளிவாசல் உடைக்கப்பட்டது. ஆனால் நெத்தலி வலையில் சுறா பிடிக்க முடியாது. பொடியன் சொன்னதில் பொய்யே இல்லாமலும் இருக்கலாம்; மறைந்திருப்பது கூலி. அதற்காக எது உண்மை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அந்தச் சட்டம் போல ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

செலவுச் சட்டத்திலேயே இரண்டு வரி சேர்த்தால் போதும். போனோ டேட்டாவோ காசோ, யாருக்குக் கொடுத்தேன் என்று வேட்பாளர் பெயரோடு எழுத வேண்டும். வாங்கியவன் வீடியோவின் தலையில் அதைப் போட வேண்டும். சும்மா ஆசைக்குக் கத்துபவனை விட்டுவிடலாம். டோஹாவிலிருந்து மச்சான் அனுப்பும் காசை எப்படிப் பிடிப்பது என்றால், முழுதாகப் பிடிக்க ஏலாதுதான். ஆனால் கூலியை வெளியே சொல்ல முடியாது என்றில்லை: இந்தியாவின் உத்தரப் பிரதேச அரசு 2024இல், தன் திட்டங்களைப் புகழும் யூடியூபர்களுக்கு மாதம் 8 இலட்சம் இந்திய ரூபாய் வரை என்று விலைப்பட்டியலே போட்டது. வெட்கம் இல்லாவிட்டாலும் ஒளிவு இல்லை.

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில், வழக்கினால் கல்முனை மாநகர சபைக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. பொடியனுக்கு அரசியல் வேலையும் இல்லை; இப்போது அதே போனில் அபாயாக் கடையொன்றுக்கு லைவ் போகிறான். கடைப் பெயரை மட்டும் முதல் வரியிலேயே போட்டுவிடுகிறான்.