பழைய பதிவும் பச்சை விளக்கும்

இன்று தனித்து நிற்கும் மென்பொருள் அபூர்வம். ஒரு சிறு கடையின் இணையதளம்கூடப் பணம் வாங்க ஒரு நிறுவனத்தின், மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாயிலான ஏபிஐயையும், குறுஞ்செய்தி அனுப்ப இன்னொன்றையும், பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்ட வேறொன்றையும் நம்பியிருக்கிறது. கோடில் ஒரு வரியை மாற்றினால் மற்றவை கெட்டுப்போகவில்லையே என்று பார்க்கத் தானியங்கி டெஸ்ட்டுகள் ஓடுகின்றன. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்த வெளி சர்வர்களை உண்மையாகவே அழைத்தால் நேரம் பிடிக்கும். அங்கே சர்வர் படுத்துவிட்டால், நம் பக்கம் தவறே இல்லாமல் டெஸ்ட் தோற்கும். சில சேவைகள் அழைப்புக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும். மணிக்கு இத்தனை முறைதான் என்று வரம்பும் வைக்கும்.

இதற்கு நடைமுறையில் நிலைத்துவிட்ட தீர்வு, பதிந்து வைத்துத் திரும்ப ஓட்டுவது. முதல் முறை உண்மையான சர்வரிடம் கேட்டு, கேள்வியையும் பதிலையும் ஒரு கோப்பில் சேமிக்கிறார்கள். அடுத்த முறையிலிருந்து சர்வரை அழைக்காமல், கோப்பில் இருக்கும் பதிலே டெஸ்ட்டுக்குத் தரப்படுகிறது. ரூபி மொழிக்காக 2010-ல் மைரன் மார்ஸ்டன் எழுதிய விசிஆர் என்ற நூலகம் இந்த முறையைப் பரப்பியது. அதில் பதிவுக் கோப்புக்குக் கேசட் என்று பெயர். பைத்தானில் விசிஆர்பை, ஜாவாஸ்கிரிப்டில் நெட்ஃபிளிக்ஸ் தந்த பாலி.ஜேஎஸ் என்று இதன் வழியில் பல கருவிகள் வந்துவிட்டன.

இந்த முறையைப் பற்றிப் புரோகிராமர்களிடையே இரண்டு கட்சி உண்டு. உண்மையான சர்வரோடு பேசாத டெஸ்ட் எதையும் நிரூபிக்காது என்கிறது ஒரு கட்சி. காரணமில்லாமல் அடிக்கடி தோற்கும் டெஸ்ட்டைக் கொஞ்ச நாளில் யாரும் மதிக்க மாட்டார்கள், அதற்குப் பதிவே மேல் என்கிறது மற்றது. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வாதம் கருவியைச் சுற்றியே நடக்கிறது. கோளாறோ கருவியில் இல்லை. கேசட் உருவாகும் நாளில் அதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்கிறார். அவர் வேறு வேலைக்குப் போன பிறகு அது யாருடையதும் இல்லை. டெஸ்ட் தேறியதாக அதை நம்பி எரியும் பச்சை விளக்கை மட்டும் குழு முழுவதும் நம்புகிறது. பேச வேண்டிய விஷயம் இதுதான்.

பொறுப்பில்லாத கேசட் என்ன செய்யும் என்று பார்ப்போம். அதில் மூன்று ஓட்டைகள் உண்டு. முதலாவது, பதிவு பழசாகிவிடுவது. விசிஆர் கேசட்டைத் திறந்தால், ஒவ்வொரு பதிலோடும் அது பதிவான தேதியும் நேரமும் எழுதியிருக்கும். அதைப் பார்ப்பவர்கள் குறைவு. இதற்கிடையில் எதிர்ப்பக்கம் சும்மா இருப்பதில்லை. எண்ணாக வந்துகொண்டிருந்த விலை, எழுத்துச் சரமாக வரத் தொடங்கலாம். ஒரு புலத்தின் பெயர் மாறலாம். சேவையே நின்றுவிடலாம். 2023-ல் ட்விட்டர் தன் ஏபிஐக்கான பழைய இலவச அணுகலை நிறுத்தியது. பதிவை மட்டுமே நம்பியிருந்த எந்த டெஸ்ட்டுக்கும் அந்த மாற்றம் தெரிய வழியில்லை. நிஜ மென்பொருள் தடுமாறினாலும் டெஸ்ட் பச்சையாகவே இருந்திருக்கும். போன வருஷப் பஞ்சாங்கத்தில் இந்த வருஷ அமாவாசையைத் தேடுவது போன்றது இது. பஞ்சாங்கத்தில் பிழை எதுவும் இல்லை, வருஷம்தான் வேறு.

இதில் ஒரு முரணும் உண்டு. ஒரு முகவரி இன்ன தேதிக்குப் பிறகு இயங்காமல் போகலாம் என்று பதிலோடு சேர்த்தே அறிவிக்க, 'சன்செட்' என்ற ஹெடரை, அதாவது பதிலின் தலைப்புக் குறிப்பை, 2019-ல் ஆர்எஃப்சி 8594 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வரையறுத்தது. ஒரு வசதி கைவிடப்படுவதைச் சொல்லும் 'டெப்ரிகேஷன்' ஹெடருக்கு 2025-ல் ஆர்எஃப்சி 9745 வந்தது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் அறிவிப்பு புதிய பதிலில்தான் வரும். பழைய பதிலையே திரும்பத் திரும்பக் கேட்கும் டெஸ்ட்டின் காதில் அது விழாது.

இரண்டாவது ஓட்டை, கேள்வியைப் பொருத்திப் பார்ப்பதில் இருக்கிறது. வந்த கோரிக்கை பதிவில் உள்ள கோரிக்கைதானா என்று முடிவு செய்ய, விசிஆர் இயல்பாக இரண்டை மட்டுமே ஒப்பிடுகிறது: கோரிக்கையின் வகையும் முகவரியும். உள்ளே அனுப்பப்படும் தகவலை அது பார்ப்பதில்லை, விசிஆர்பையும் அப்படித்தான். பணம் செலுத்தும் கோரிக்கையில் 500 ரூபாய்க்குப் பதில் 5,000 ரூபாய் என்று நம் கோடு தவறாக அனுப்பினாலும், முகவரி மாறாததால் 500 ரூபாய்க்கான பழைய பதிலே திரும்பி வரும். டெஸ்ட்டும் மகிழ்ச்சியோடு தேறிவிடும். உள்ளே இருக்கும் தகவலான உடலையும் ஒப்பிடு என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியை எழுத வேண்டும் என்று யாராவது ஒருவர் நினைக்க வேண்டும்.

மூன்றாவது ஓட்டை கேசட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நிஜ உரையாடலைப் பதிகிறோம் என்றால், அதில் இருந்த எல்லாமே பதிவாகின்றன: ஏபிஐ சாவி, அணுகல் டோக்கன், குக்கி, பதிலில் வந்த வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், முகவரி. நிஜச் சேவையில் நிஜக் கணக்கோடு பதிந்தால், கேசட் ஒரு சிறிய தரவுக் கசிவாகிவிடுகிறது. ரகசியங்களை மறைக்கும் வசதி இந்த நூலகங்களில் உண்டு. ஆனால் பாதி மறைப்பதே வழக்கம். கோரிக்கையின் ஹெடரில் உள்ள டோக்கனை மறைத்தவர், உள்நுழைவுப் பதிலின் உடலில் வந்த புதிய டோக்கனை மறந்துவிடுகிறார். பதில் சுருக்கப்பட்ட வடிவில் சேமிக்கப்பட்டால், சொல்லைத் தேடி மாற்றும் வடிகட்டி எதையும் கண்டுபிடிக்காது.

கோடின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் ஒருமுறை ஏறிய கோப்பை அடுத்த கமிட்டில் நீக்கினாலும், வரலாற்றில் அது இருந்துகொண்டேயிருக்கும். பிரதி எடுத்தவர்களின் கணினிகளிலும் இருக்கும். சாவி கசிந்தால் உடனே ரத்து செய்வதுதான் வழி. பொதுக் களஞ்சியங்களில் ரகசியச் சாவிகள் ஏற்றப்படுவதைத் தடுக்கும் காவலை 2024 முதல் கிட்ஹப் இயல்பாகவே இயக்கிவருகிறது. அது பிடிப்பது, இன்ன நிறுவனத்தின் சாவி என்று வடிவத்தாலேயே தெரிகிறவற்றை. ஒரு நோயாளியின் பெயருக்கோ வீட்டு முகவரிக்கோ அப்படி ஒரு வடிவம் கிடையாது. சாவியையாவது மாற்றிவிடலாம், ஒருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் எப்படி மாற்றுவது?

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. சோதனைக் கோப்பு என்பதற்குத் தனி விலக்கு எதுவும் அதில் இல்லை. ஆனால் கேசட்டில் நிஜப் பெயர்களைத் தவிர்க்கச் சட்ட பயம் மட்டுமே காரணமல்ல. கேசட்டில் இருக்கும் பெயர் நம்மை நம்பித் தகவல் தந்த ஒருவருடையது. நம் டெஸ்ட்டில் பாத்திரம் ஏற்க அவர் சம்மதிக்கவில்லை.

இதை யார் சரிசெய்வது? புரோகிராமர் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி நிறுத்துவது சுலபம். அது நியாயமும் இல்லை, பலனும் தராது. பொறுப்பு பலருடையது. அவரவர் பங்கைப் பிரித்துச் சொன்னால்தான் அது நடக்கும்.

பதிபவரின் பங்கு: சோதனைச் சூழலில், கற்பனை வாடிக்கையாளர்களோடு மட்டுமே பதிவது. ஸ்ட்ரைப் போன்ற பணப் பரிமாற்றச் சேவைகள் சோதனைக்கென்றே போலி அட்டை எண்களைத் தருகின்றன. அப்படி வசதி இருக்கும் இடத்தில் நிஜக் கணக்கைத் தொடக் காரணமே இல்லை.

பரிசீலிப்பவரின் பங்கு: கேசட்டையும் கோடாக மதித்துப் படிப்பது. மாற்றத்தை ஒப்புதலுக்கு வைக்கும் புல் ரிக்வெஸ்ட்டில் நீளமான கோப்புகளைக் கிட்ஹப் மடித்துக் காட்டும். அதை விரிக்காமலேயே ஒப்புதல் தருவது பழக்கமாகிவிட்டது. முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால், ஹெடர்களையும் ஆட்களின் பெயர் வரும் இடங்களையுமாவது பார்க்க வேண்டும். குறைவான புலங்கள் வரும்படி கேட்டுப் பதிந்தால் கேசட்டும் சிறியதாகும், படிப்பதும் எளிதாகும்.

குழுத் தலைவரின் பங்குதான் பெரிது. இரண்டு கட்சிகளையும் ஒன்றுசேர்க்கும் ஏற்பாடு அவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்கும்போது பதிவுகளை மட்டும் ஓட்டலாம். அங்கே கருவியின் பதிவு அமைப்பு 'நன்' (புதிதாக எதையும் பதியாதே) என்று இருக்க வேண்டும். இயல்பான 'ஒன்ஸ்' (ஒருமுறை பதி) அமைப்பில், கேசட் காணாமல் போனால் யாருக்கும் தெரியாமல் நிஜ சர்வருக்கே அழைப்பு போய்விடும். இன்னொரு பக்கம், வாரம் ஒருமுறை அதே டெஸ்ட்டுகளைப் பதிவில்லாமல் சோதனைச் சூழலோடு ஓட்டலாம். அது தோற்றால் யார் வேலையும் நிற்க வேண்டாம். ஆனால் ஒருவர் பெயரில் ஒரு டிக்கெட் திறக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் தாண்டிய கேசட்டைத் தானே புதுப்பிக்கச் சொல்லும் வசதி விசிஆரிலேயே இருக்கிறது. புதுப்பிப்பதற்கான மணிநேரங்களைத் திட்டத்தில் ஒதுக்காத மேலாளர், பழைய பதிவுகளுக்காகக் குழுவைக் குறைசொல்ல முடியாது.

ஏபிஐ தருபவர்களுக்கும் பங்கு உண்டு. சோதனைச் சூழல் இல்லாமல் ஏபிஐ வெளியிடும் நிறுவனம், தன்னை நம்பியிருப்பவர்களை நிஜக் கணக்கில் பதியும்படித் தானே தள்ளுகிறது. மாற்றங்களுக்குப் பதிப்பு எண் தருவதும், நிறுத்துவதற்குப் போதிய காலம் முன்பே சொல்வதும், ஹெடரோடு நில்லாமல் மின்னஞ்சலிலும் அறிவிப்பதும் அவர்கள் கடமை. வாங்குபவரின் எதிர்பார்ப்பை ஓர் ஒப்பந்தமாக எழுதி, தருபவரே அதைத் தன் பக்கம் சரிபார்க்கும் பேக்ட் போன்ற முறைகள், இரு தரப்பும் ஒத்துழைக்கும் இடங்களில் நன்றாக வேலை செய்கின்றன. பொதுமக்களின் அடையாளத்தையும் பணத்தையும் கையாளும் அரசு ஏபிஐகள் இதில் முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

கருவி எழுதுபவர்களும் கல்லூரிகளும் மீதிப் பங்கை ஏற்கலாம். டோக்கன் ஹெடரை இயல்பாகவே மறைத்து, வேண்டுமென்றால் திறந்துகொள் என்று சொல்லும் நூலகம், பல குழுக்களின் மறதியை ஒரே இடத்தில் ஈடுசெய்யும். டெஸ்ட் எழுதக் கற்றுத்தரும் ஆசிரியர், அந்த டெஸ்ட் எதை நிரூபிக்கவில்லை என்பதையும் அதே வகுப்பில் சொல்லித்தர வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. குழுவில் உள்ள எல்லாக் கேசட்டுகளையும் பதிவுத் தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். மிகப் பழைய பத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை எழுதுங்கள். பெயர் எழுத ஆள் கிடைக்காத கேசட்டை அழித்துவிடுங்கள். அதனால் குறையும் பச்சை விளக்குகள் அதுவரை யாருக்கும் எந்த உறுதியையும் தரவில்லை. மிச்சமிருப்பவற்றுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார். அந்தப் பச்சையைத்தான் வாடிக்கையாளரிடம் நாம் வாக்காகக் கொடுக்க முடியும்.