ஊர்க்காவல் யார் கையில்?

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஆள் இல்லையென்றால் தேர் வீட்டுச் சுவரில்தான் போய் நிற்கும். மக்களும் காவல்துறையும் கைகோத்துக் குற்றங்களைத் தடுக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். வடம் இருக்கிறது, முட்டுக்கட்டை எங்கே?

எங்கள் முடிச்சூரைப் பாருங்கள். நேற்றைய கிராமம், இன்றைய புறநகர். காலையில் பூட்டிய வீடுகள் இரவில்தான் திறக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் வீட்டுக் கேமராவுக்கு மட்டும் நம்மைத் தெரியும்! கேமரா திருடனைப் படம் பிடிக்கும், "யாரப்பா, யாரைத் தேடுகிறாய்?" என்று கேட்காது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஊரைச் சூழ்ந்தபோது நம்மைக் காத்தது அறிமுகம்தான். அந்த அறிமுகமே காவலின் முதல் படி.

இதைத் திருச்சி செய்து காட்டியது. 1999-இல் மாநகரக் காவல் ஆணையராகப் பொறுப்பேற்ற ஜே.கே.திரிபாதி, நகரைச் சிறு சரகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட காவலர்களையே ஒதுக்கினார். புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. குடிசைப் பகுதிகள் தத்தெடுக்கப்பட்டன. அங்கே மக்களுக்குக் காவலரின் அதிகாரம் தரப்படவில்லை. காவலருக்கு மக்களின் பழக்கம் கிடைத்தது.

மறுபக்கமும் உண்டு. 1993-இல் இராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி.பிலிப் தொடங்கிய 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' நல்ல நோக்கத்தில் பிறந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. குற்றப்பத்திரிகை காவல்துறையினர் மீதே தாக்கலானது. ஆயினும் ஜூலையில் அரசு அந்த அமைப்பைத் தடைசெய்தது. பதில் சொல்லும் கடமை இல்லாத கைகளில் அதிகாரத்தின் நிழல் விழுந்தாலே மக்கள் அஞ்சுகிறார்கள்.

காவலர் இல்லாமல் ஊரே நீதி வழங்கப் புறப்பட்டால்? 2018 மே மாதம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்களும் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்!

என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். போலீஸ் நிலையம் என்றால் போகக்கூடாத இடம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். சந்தேகம் என்று வந்தால் முதலில் நிறுத்தப்படுவது அழுக்குச் சட்டைக்காரன்தான் என்பது எங்களுக்குத் தெரியும். இன்று அந்த இடத்தில் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளியும் நிற்கிறான். அவனையும் காக்காத காவல், யாருக்கான காவல்?

சட்டம் எல்லையைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவின்படி, ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றத்தைத் தம் கண்முன் செய்பவரைப் பொதுமக்கள் பிடிக்கலாம். 6 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். பிடித்தவரைக் கட்டிவைத்து அடிக்கும் உரிமையை எந்தச் சட்டமும் தரவில்லை. இதுதான் முட்டுக்கட்டை.

2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்கெனத் தனிக் காவல் ஆணையரகம் இயங்குகிறது. நாம் கேட்க வேண்டியவை மூன்று. தெருமுனையில் நம் பகுதிக் காவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட வேண்டும். மாதம் ஒருமுறை தெருவிலேயே கூட்டம் நடக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர்களோடு குடியிருப்பவர்களும், பெண்களும், தொழிலாளர்களும் அதில் பேச வேண்டும். தன்னார்வலர் தகவல் சொல்லலாம்; யாரையும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது.

மாணவ நண்பர்களே, நமக்கும் வேலை இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுப்போம். தனியே போக அஞ்சுபவரோடு நிலையத்துக்குத் துணையாகப் போவோம். தடி எடுக்காமலே செய்யக்கூடிய ஊர்க்காவல் இது. படித்தவர்கள் இதையாவது செய்ய வேண்டாமா?