நல்ல தராசை ஏன் வீச வேண்டும்?

"புதுக் கணனி வாங்கினால் தராசையும் புதிதாக வாங்கத்தான் வேண்டும்" என்று நமது வியாபாரிகளிடம் சொல்லப்படுகிறது. தேங்காய், கொப்பரா, மீன், இறால் என்று எடை போட்டே பிழைக்கும் சிலாபம் போன்ற ஊருக்கு இது சிறிய விடயம் அல்ல. இந்த ஆலோசனை பெரும்பாலும் பிழையானது என்பதே எனது கருத்து.

இலத்திரனியல் தராசு, லொறி நிறுக்கும் மேடைத் தராசு, பழைய பில் பிரிண்டர் ஆகியவற்றின் பின்புறத்தில் அநேகமாக ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு சொக்கட் இருக்கும். ஆர்.எஸ்.232 என்று சொல்லப்படும் இம்முறை அமெரிக்காவில் 1960 இல் வகுக்கப்பட்டது. முன்பு கணனிகளில் அதற்குரிய 'கொம் போர்ட்' இருந்தது. இன்றைய மடிக்கணனிகளில் அது இல்லை. ஆகவே பழுதானது தராசு அல்ல, இரண்டுக்கும் இடையிலுள்ள பாதைதான் அடைபட்டிருக்கிறது.

தராசு கணனிக்குப் பக்கத்திலேயே இருந்தால், யூ.எஸ்.பி.க்கு மாற்றும் ஒரு வயரே போதும். தராசு களஞ்சியத்திலும் கணக்கப்பிள்ளை காரியாலயத்திலும் இருந்தால் அது சரிவராது. ஆர்.எஸ்.232 வயர் சுமார் 15 மீற்றருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. ஈதர்நெட் வயரோ 100 மீற்றர் வரை செல்லும். இங்கேதான் 'டிவைஸ் சேர்வர்' எனும் சிறிய பெட்டி உதவுகிறது. ஒரு பக்கம் தராசின் வயர், மறு பக்கம் ஈதர்நெட் வயர். தராசு சொல்லும் எடையை அது வலையமைப்பு வழியாகக் கணனிக்கு அனுப்பிவிடும். கணனியில் அதற்குரிய மென்பொருளைப் போட்டுவிட்டால், இல்லாத 'கொம் போர்ட்' இருப்பது போலவே காட்டும். பழைய கணக்கு மென்பொருளும் வழமைபோல் வேலை செய்யும். தாய்வானின் மொக்ஸா, அமெரிக்காவின் லன்ட்ரொனிக்ஸ் போன்ற கம்பெனிகள் 1980களில் தொடங்கி இத்துறையில் பெயர் பெற்றவை.

பூட்டும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். தராசில் 9600 என்று வேகம் வைத்திருந்தால் பெட்டியிலும் அதே 9600 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடைக்குப் பதிலாக அர்த்தமில்லாத எழுத்துகள் வரும். பெட்டிக்கு நிலையான ஐ.பி. முகவரி கொடுங்கள். முகவரி மாறினால் கணனி அதைத் தேடிக்கொண்டிருக்கும். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமின்னலை மறக்க வேண்டாம். கட்டடம் விட்டுக் கட்டடம் செப்பு வயர் இழுப்பதானால் மின்னல் பாதுகாப்பு அவசியம். ஃபைபர் வயர் போட்டால் இன்னும் நல்லது.

செலவு குறைகிறது என்பதற்காகக் காவலைக் குறைக்கக் கூடாது. 2015 டிசம்பர் 23 இல் உக்ரைனின் மின்விநியோக நிலையங்களை இணையத் திருடர்கள் தாக்கியபோது சுமார் 225,000 பாவனையாளர்களுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. உப நிலையங்களில் இருந்த இதே வகைப் பெட்டிகளின் உள் மென்பொருளை அழித்து எழுதிவிட்டார்கள். ஊழியர்கள் நேரில் சென்று கையால் சுவிட்ச் போட்டே மின்சாரத்தை மீட்டார்கள். நமது கடையை யார் தாக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். தேடி வருபவன் பெயர் பார்த்து வருவதில்லை, திறந்திருக்கும் கதவைப் பார்த்தே வருகிறான். பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். அதை இணையத்திற்கு நேரடியாகத் திறந்துவிடாதீர்கள்.

"கொப்பியில் எழுதினால் போதாதா?" என்பவர்களும் உண்டு. ஒரு நாளைக்கு நான்கு நிறுவை என்றால் போதும். நாற்பது நிறுவை என்றால், 68 என்பது 86 ஆவதற்கு ஒரு கணம் போதும். நட்டம் நமக்கு வந்தால் பொறுத்துக்கொள்வோம். தோட்டக்காரருக்கோ மீனவருக்கோ வந்தால் அது அடுத்தவர் உரிமை. தராசின் இலக்கம் கைபடாமல் பில்லில் விழுவது இரு தரப்புக்கும் நிம்மதி. ஆனால் பிழையான தராசின் பிழையைத்தான் வயரும் கொண்டுவரும். 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டப்படியான முத்திரை தராசில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

2022 இல் ரூபா சரிந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இப்படிப்பட்ட காலத்தில் சரியாக நிறுக்கும் தராசை ஒரு சொக்கட்டுக்காக வீசுவது வீண்விரயம். புதிய தராசுக்கு விலை கேட்கும் முன், பழைய தராசின் பின்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.