இருக்கை உண்டு, அமர அனுமதி உண்டா?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. கோழிக்கோட்டுப் பெண் விற்பனையாளர்கள் நடத்திய போராட்டத்தின் பயனாகக் கேரளம் 2018-லேயே இவ்வுரிமையை அளித்துவிட்டது. ஆயினும், வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் ஜவுளிக்கடைப் பெண்கள் நின்றுகொண்டே இருப்பதை நான் இன்றும் காண்கிறேன். அமர்ந்திருப்பவர் வேலை செய்யாதவர் என்று எண்ணும் மேலாளர்களின் பழக்கத்தைச் சட்டத்தால் இன்னும் மாற்ற முடியவில்லை. நரம்புச் சுருட்டலும் முதுகுவலியும் ஊழியர்களுக்கே மிஞ்சுகின்றன. சோர்ந்த ஊழியரால் கடைக்கும் இழப்புதான். எனவே, ஆய்வாளர்கள் நாற்காலிகளை எண்ணுவதோடு நின்றுவிடாமல், அவற்றில் அமர முடிகிறதா என்று ஊழியர்களிடம் தனியே கேட்டறிய வேண்டும். அமர்ந்ததற்காக எவரும் கண்டிக்கப்பட மாட்டார்கள் என்பதை நிர்வாகங்களும் எழுத்துபூர்வமாக அறிவிக்கட்டும்.