போடு என்பதும் அதிகாரம்தான், கழற்று என்பதும் அதிகாரம்தான்!

2024 ஆகஸ்ட் 11, பாரிஸ் ஒலிம்பிக் நிறைவு விழா. பெண்கள் மாரத்தானில் தங்கம் வென்ற நெதர்லாந்து வீராங்கனை சிஃபான் ஹசன் ஹிஜாப் அணிந்து மேடையேறி பதக்கம் வாங்கினார். அன்று காலை 42 கிலோமீட்டர் ஓடியபோது அவர் தலையில் ஹிஜாப் இல்லை. ஓடும்போது வேண்டாம்னு நினைச்சார், மேடையில வேணும்னு நினைச்சார். இரண்டும் அவர் முடிவு.

அதே ஒலிம்பிக், அதே நகரம். போட்டியை நடத்திய பிரான்ஸின் சொந்த தொடரோட்ட வீராங்கனை சுன்கம்பா சில்லா, தலையில் துணி அணிவதால் தொடக்க விழாவில் கலந்துகொள்ள முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் தொப்பி போட்டுக்கொண்டு வரலாம் என்று சமரசம் ஆனது. வேறு நாட்டுப் பெண்ணுக்கு அந்த ஊரில் கிடைத்த உரிமை, அந்த நாட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஏன்?

"பிரான்ஸ் மதச்சார்பற்ற நாடு, அதனாலதான்" என்று உடனே சொல்றாங்க. மதச்சார்பின்மை நமக்கும் உயிர்க் கொள்கை. அதனால் இந்தப் பதிலை அப்படியே விட்டுவிட முடியாது.

பிரான்ஸின் மதச்சார்பின்மைக்கு அடித்தளம் 1905-ம் ஆண்டுச் சட்டம். முதல் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. இரண்டாவது பிரிவு, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் பணம் தராது என்கிறது. கவனியுங்கள், கட்டுப்பாடு அரசுக்கு. குடிமகனுக்கு அல்ல. அந்தச் சட்ட விவாதத்தின்போதே, பாதிரியார்கள் அங்கி அணிந்து தெருவில் வருவதைத் தடை செய்ய வேண்டும் என்று ஓர் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். சட்டத்தை வடிவமைத்த அரிஸ்டைட் பிரையான் அதை எதிர்த்தார். அங்கியைத் தடுத்தால் பாதிரியாரும் தையல்காரரும் சேர்ந்து வேறொரு உடையை உருவாக்கிவிடுவார்கள், இது சுதந்திரத்துக்கான சட்டம் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

▪ 1989: கிரெய் நகரில் தலைத்துணி அணிந்த மூன்று மாணவிகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். துணி அணிவது மட்டுமே மதச்சார்பின்மைக்கு எதிரானது ஆகாது என்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அப்போது கருத்துச் சொன்னது.

▪ 2004: அரசுப் பள்ளி மாணவர்கள் வெளிப்படையான மத அடையாளம் அணியத் தடை. ஹிஜாப், யூதர்களின் தொப்பி, பெரிய சிலுவை, சீக்கியத் தலைப்பாகை எல்லாம் அடங்கும்.

▪ 2010: பொது இடங்களில் முகத்தை மூடத் தடை. 150 யூரோ வரை அபராதம்.

▪ 2016: கடற்கரைகளில் உடலை மூடிய நீச்சல் உடைக்கு பல நகராட்சிகள் தடை போட்டன. நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

▪ 2023: கால்பந்துப் போட்டிகளில் ஹிஜாப் தடை செல்லும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு பள்ளிகளில் அபாயா என்ற நீள அங்கிக்கும் தடை வந்தது.

பள்ளி திறந்த முதல் நாளில் 298 மாணவிகள் அபாயாவுடன் வந்தார்கள், அதில் 67 பேர் கழற்ற மறுத்து வீடு திரும்பினார்கள் என்று கல்வி அமைச்சரே சொன்னார். சாதாரண நீளமான கவுனுக்கும் அபாயாவுக்கும் என்ன வித்தியாசம்? பாதி நேரம், போட்டிருக்கும் பொண்ணு யார் என்பதுதான் வித்தியாசம்! பிரையான் 1905-ல் எச்சரித்த தையல்காரர் கதை இதுதான். துணியைத் துரத்த ஆரம்பித்தால் முடிவே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் தெளிவாகப் பேசிவிடுவோம். ஹிஜாப் வேறு, முகத்திரை வேறு. ஹிஜாப் தலைமுடியையும் கழுத்தையும் மறைக்கும். முகம் முழுசா தெரியும். விமான நிலையத்தில், வாக்குச்சாவடியில் அடையாளம் பார்க்க முகத்தைக் காட்டச் சொல்வது நியாயம். அந்த நியாயத்தை எடுத்து வந்து, முகம் தெரிய உட்கார்ந்திருக்கும் பள்ளி மாணவி மேல் போடுவது நியாயமில்லை.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. "தேர்வு, தேர்வுன்னு சொல்றீங்களே, வீட்டில அப்பாவும் அண்ணனும் கட்டாயப்படுத்தினா அது தேர்வா?" என்கிறார்கள். சரியான கேள்வி. அப்படிக் கட்டாயப்படுத்தப்படும் பெண்கள் இருக்கிறார்கள், அதை மறைத்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் தடை அந்தப் பெண்ணுக்கு என்ன தருகிறது? பள்ளித் தடையில் கட்டாயப்படுத்திய அப்பாவுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. பள்ளி வாசலில் நிறுத்தப்படுவது மகள். வீட்டுக்கு வெளியே அவளுக்கு இருந்த ஒரே இடமும் போய்விடுகிறது. நிஜமான அக்கறை இருந்தால் ஆசிரியர், ஆலோசகர், விடுதி, உதவித்தொகை, சட்ட உதவி என்று கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று அவள் சொல்லும் நாளில் பக்கத்தில் நிற்க வேண்டும். தானாக விரும்பி அணியும் பெண்ணுக்கோ இந்தத் தடையே கட்டாயம்.

ஈரானைப் பாருங்கள். 1936-ல் ரேசா ஷா ஆட்சி, பெண்களின் முக்காட்டைக் காவலர்களை வைத்துப் பிடுங்கியது. பல பெண்கள் வெளியே வருவதையே நிறுத்தினார்கள். 1979 புரட்சிக்குப் பின் வந்த ஆட்சி அதே முக்காட்டைக் கட்டாயமாக்கியது. 2022 செப்டம்பரில், ஹிஜாப் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி 22 வயதில் காவலில் உயிர்விட்டார். இரண்டு ஆட்சியும் கேட்காத ஒரே கேள்வி, "உனக்கு என்ன வேணும்மா?" என்பதுதான். தெஹ்ரான் தெருவில் துணியைக் கழற்றி எரித்த பெண்ணும், பாரிஸ் பள்ளி வாசலில் கழற்ற மாட்டேன் என்று நின்ற பெண்ணும் எதிரெதிர் அணி அல்ல. இருவரும் கேட்பது ஒரே உரிமை.

மேற்கு உலகம் முழுக்க பிரான்ஸ் மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 17 வயதுப் பெண்ணுக்கு ஹிஜாபைக் காரணம் காட்டி வேலை மறுத்த அபர்க்ராம்பி துணிக்கடை நிறுவனத்துக்கு எதிராக 2015-ல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. நியூசிலாந்து காவல்துறை 2020-ல் ஹிஜாபைச் சீருடையிலேயே சேர்த்தது. 2023 பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்து ஆடினார். ஆட்டம் கெட்டுப்போகலையே? அந்த நாடுகளின் மதச்சார்பின்மையும் இடிந்து விழவில்லை.

இது எங்கோ நடக்கும் கதையும் இல்லை. 2022-ல் கர்நாடகக் கல்லூரி வாசல்களில் மாணவிகள் நிறுத்தப்பட்டதை நாம் பார்த்தோம். உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது. உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். அதில் நீதிபதி சுதான்ஷு துலியா, இது தேர்வு சார்ந்த விஷயம், பெண் குழந்தையின் படிப்பே முக்கியம் என்ற பக்கம் நின்றார். நாமும் அந்தப் பக்கம்தான்.

தோழர்களே, இதை இணையத்தில் பேசும்போது மூன்று விஷயம் நினைவில் இருக்கட்டும். ஹிஜாப் அணியாத முஸ்லிம் பெண்ணை யாரும் ஏளனம் செய்தால், நம் ஆள் என்றாலும் கண்டியுங்கள். அணிந்த பெண்ணை அடிமை, பாவம் என்று இரக்கப்படுவதுபோல் இழிவு செய்தால் அதையும் கண்டியுங்கள். பிரான்ஸ் மக்களைத் திட்டாதீர்கள். இந்தத் தடைகளை எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் வாதாடியவர்களும் அந்த மக்களில் இருந்து வந்தவர்கள்தான்.

அரசு மதத்திலிருந்து விலகி நிற்கட்டும். பெண்ணின் அலமாரியிலிருந்தும் விலகி நிற்கட்டும்.

படியுங்கள், பகிருங்கள், பின்னூட்டத்தில் நாகரிகமாக விவாதியுங்கள்.

#என்_உடை_என்_உரிமை
#மதச்சார்பின்மை_காப்போம்