பெயர் சொல்லப்படாத கோப்பி

கோப்பிப் பொதிகளிலே ‘முழுவதும் அராபிக்கா’ என்ற வாசகம் பொன்னெழுத்தில் மின்னுவதைப் பலரும் கண்டிருப்பர். றொபஸ்டாவின் பெயரைப் பெருமையோடு தாங்கிய பொதி அரிது. ஆயினும் உலகில் விளையும் கோப்பியில் ஏறத்தாழ 40 வீதம் றொபஸ்டாவே. இந்தியாவிலோ அது 70 வீதமளவாகும். இத்தனை பெருஞ்சரக்கு எங்கே மறைகின்றது? உடனடிக் கோப்பித் தூளிலும், மலிவான கலவைகளிலும், இத்தாலியர் விரும்பும் எஸ்பிரசோவின் மேல் திரளும் தடித்த நுரையிலும் மறைகின்றது. உழைப்பு அதனுடையது, பெயர் மற்றொன்றினுடையது.

இந்த அவமதிப்பை இலங்கையர் நாம் சும்மா பார்த்திருத்தல் தகாது. அராபிக்காவை மட்டும் நம்பியதன் விலையை நம்மைப்போல் கொடுத்தவர் யார்? 1869இல் மடுல்சீமைப் பக்கத்திலே இலைகளின் அடியில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. துரு நோய் அது. 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற அறிஞர் இரண்டாண்டுகள் ஆராய்ந்து அந்தப் பூஞ்சணத்தின் வாழ்வு முறையை விளக்கினார். செடிகளைக் காப்பாற்ற அவராலும் இயலவில்லை. மலைமலையாக ஒரே இனத்தை நட்டு வைத்த இடத்திலே நோய்க்குத் தடையேது? மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, கோப்பிக்காகவே மலையேறிய தமிழ்த் தொழிலாளரின் மக்கள் பின்னர் தேயிலைக் கொழுந்து பறிக்கலாயினர்.

அதே துரு யாவாவையும் தாக்கியது. அங்கே முதலில் லைபீரிக்கா இனத்தை நட்டுப் பார்த்தனர், அதுவும் நிலைக்கவில்லை. கொங்கோக் காடுகளிலிருந்து பெறப்பட்ட ஒரு செடியைப் பிரசல்ஸ் நகரத்து நாற்று வணிகர் ‘றொபஸ்டா’, அதாவது வலிமையுடையது, எனப் பெயரிட்டு விற்றனர். 1900ஐ ஒட்டி யாவாவை அடைந்த அச்செடி, நோயைத் தாங்கித் தாழ்நிலத்திலும் செழித்தது. நமக்கு அது காலம் கடந்து வந்த மருந்து. நியூயோர்க் கோப்பிச் சந்தையோ 1912இல் அதனைத் தன் கொடுக்கல் வாங்கலில் சேர்க்க மறுத்தது.

சுவையிலே குறையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. றொபஸ்டாவில் கபீன் ஏறத்தாழ இருமடங்கு. சர்க்கரையும் எண்ணெய்ச் சத்தும் குறைவு. எனவே கசப்பு மிகும், மணம் குன்றும். ஆனால் நாம் அதன்மேல் சுமத்தும் குற்றங்களிற் பாதி அதனுடையவை அல்ல. காயும் பழமும் சேர்த்து உருவி, வெறுந்தரையிற் காயவைத்த கொட்டை எவ்வினமாயினும் நாறத்தான் செய்யும். செம்பழம் மட்டும் பறித்து, தோல் நீக்கிக் கழுவி, பக்குவமாக உலர்த்திய இந்திய றொபஸ்டா ‘காப்பி ரோயல்’ என்ற பெயரில் நல்ல மதிப்புடன் வெளிநாடு செல்கின்றது. மலிவு விலை தருவதால் விவசாயி கவனம் செலுத்துவதில்லை. கவனம் செலுத்தாததால் மலிவு விலை. இந்தச் சுழலைச் செடி உண்டாக்கவில்லை, வணிகமே உண்டாக்கியது.

குலப்பெருமை பேசுவோருக்கு இன்னொரு செய்தி. அராபிக்கா ஆதியில் தோன்றியதே றொபஸ்டா இனமும் யூஜெனியோய்டஸ் என்னும் இனமும் கலந்ததனாலேதான். தாயை வேலைக்காரி என்று விருந்தினருக்கு அறிமுகம் செய்யும் மகனின் கதை இது! பழைய உறவோடும் நிற்கவில்லை. 1920களில் திமோர்த் தீவிலே இவ்விரண்டும் இயற்கையாகக் கலந்து பிறந்த செடியிலிருந்தே துருவைத் தாங்கும் வகைகள் பல உருவாக்கப்பட்டன. கொலம்பியா 2005இல் வெளியிட்ட ‘கஸ்தில்லோ’ அவற்றுள் ஒன்று. அதன் கொட்டையும் ‘முழுவதும் அராபிக்கா’ என்றே பொதியில் ஏறுகின்றது.

2024இல் வியட்நாமின் வறட்சியால் இலண்டன் சந்தையில் றொபஸ்டா விலை மிக உயர்ந்த அளவுக்கு ஏறியபோதுதான், அது இல்லாமற் கலவை இல்லை என்பது வணிகருக்கு உறைத்தது. விலை ஏறும், இறங்கும். அதை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. கலப்புக் கோப்பி விற்போர் ஒவ்வொரு பொதியிலும் றொபஸ்டா எத்தனை வீதம், எந்த நாட்டில் விளைந்தது என்று அச்சிட வேண்டும் என்பதே என் கோரிக்கை. இந்தியாவிலே சிக்கரி வேரைக் கலந்தால் அதன் வீதத்தைப் பொதியிற் காட்டவேண்டுமென்று சட்டம் இருக்கின்றது. வேருக்குக் கிடைத்த அந்த மரியாதை கொட்டைக்கும் கிடைக்கட்டுமே.